சார்செல்லில் கேட்டதும் சாரத்தில் கேட்பதும்

பாரிஸிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டவள் என்று தெரிந்தால் போதும், புதுச்சேரியில் யாரும் ஈஃபிள் டவரைப் பற்றிக் கேட்பதில்லை. "அங்க ரொம்ப மோசமாயிடுச்சாமே, வெளியாளுங்க நிறைஞ்சுட்டாங்களாமே, ராத்திரியில பொம்பளைங்க நடக்கவே முடியாதாமே?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் வாய் திறப்பதற்குள் அடுத்ததும் வந்துவிடும். "இங்கயும் அப்படித்தான் ஆவப்போவுது பாருங்க. மேட்டுப்பாளையம் கம்பெனிங்க பக்கம் சாயங்காலம் போய் நில்லுங்க, தமிழே காதுல விழாது."

அங்கே சொல்லப்பட்ட அந்த 'வெளியாளுங்க' கணக்கில் நானும் ஒருத்தி என்பது கேட்பவருக்கு நினைவிருக்காது. அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கே அங்கே பல நாள் அது மறந்துபோயிருக்கிறது.

எங்கள் கதை புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதில்லை. மாமனார் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டுப் போனாலும், சட்டப்படி ஊர் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். மாமனார் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்தில் பிள்ளைகளுக்கும் நேஷனாலிட்டி வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் 'நேஷனாலிட்டி மாப்பிள்ளை' என்று புதுச்சேரி சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஜாதகம் வந்தது. நான் போய் இறங்கிய இடம் பாரிஸுக்கு வடக்கே இருக்கும் சார்செல்.

படத்தில் பார்க்கிற பாரிஸ் வேறு, சார்செல் வேறு. ஐம்பது, அறுபதுகளில் வரிசை வரிசையாகக் கட்டிய கான்கிரீட் அடுக்குமாடிகள். அல்ஜீரியா விடுதலையானபோது அங்கிருந்து வந்தவர்கள், வட ஆப்பிரிக்க யூதர்கள், மார்த்தினிக், குவாதலூப்காரர்கள், மாலி, செனகல்காரர்கள், துருக்கியிலிருந்து வந்த கல்தேயக் கிறிஸ்தவர்கள், அப்புறம் இலங்கைத் தமிழர்கள், நம்மவர்கள் என்று ஒவ்வொரு அலையாக வந்து குடியேறிய ஊர். நான் லா தெஃபான்ஸில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனேன். விடிவதற்கு முன் ரயில் பிடிக்க வேண்டும். ஆபீஸ் ஆட்கள் வருவதற்குள் குப்பைத்தொட்டி காலியாகி, நாங்களும் காணாமல் போயிருக்க வேண்டும்.

அந்த ஆபீஸில் ஒரு அம்மா சீக்கிரமே வந்துவிடுவார். நல்ல மனுஷி, பண்டிகைக்குச் சாக்லேட் தருவார். புறநகரெல்லாம் கெட்டுப்போய்விட்டது, வந்தேறிகளால் பாதுகாப்பே இல்லை என்று என்னிடம்தான் புலம்புவார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களைச் சொல்லலை, நீங்க வேற" என்று சேர்த்துக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் நம்மவர்களும் அதையே சொன்னார்கள், ஆள் மட்டும் மாறும். "அரபிப் பசங்களைக் கண்டா அந்தப் பக்கமா போயிடு. கருப்புப் பசங்க லிஃப்ட்ல இருந்தா ஏறாத." இதே பசங்களின் அம்மாக்கள் எங்களைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதும் காதுக்கு வரும். அதை இங்கே எழுத வேண்டாம்.

பயம் சும்மா வந்ததில்லை. 2005 அக்டோபர் 27-ஆம் தேதி கிளிஷி-சூ-புவா என்ற புறநகரில் போலீஸுக்குப் பயந்து ஓடிய சிறுவர்கள் இரண்டு பேர் மின் நிலையத்துக்குள் ஒளிந்து ஷாக் அடித்துச் செத்தார்கள். அன்று பற்றிய நெருப்பு நாடு முழுக்க மூன்று வாரம் எரிந்தது. நவம்பர் 8-ல் அவசர நிலை அறிவித்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்தது அல்ஜீரியப் போர்க் காலத்தில், 1955-ல், போட்ட சட்டம். சாரத்திலிருந்து அம்மா ஃபோன் பண்ணி அழுதது: "பாரிஸே எரியுதாமே, வந்துடுங்க." டிவியில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். எங்கள் பிளாக்கின் கீழே எரிந்தது மார்த்தினிக்கிலிருந்து வந்த ஒரு நர்ஸின் பழைய ரெனோ கார். அவள் ராத்திரி டியூட்டிக்கு ஓட்டிப்போகிற கார். பணக்காரர்கள் இருக்கிற பாரிஸின் பதினாறாம் வட்டாரத்தில் கார் எரிந்ததாக நான் கேள்விப்படவில்லை. 2007-ல் அடுத்த ஊரான வில்லியே-லெ-பெல்லில் மறுபடி கலவரம் வந்தபோது அங்கே எரிந்தது நூலகம். எரித்தவர்களில் பலர் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்த பிள்ளைகள். அவர்களைப் போய் 'வந்தவர்கள்' என்று எப்படிச் சொல்வது என்று அப்போதே எனக்குக் குழப்பம்.

யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று எனக்கு நிறையப் பேர் சொன்னார்கள். எப்படிப் பிழைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது எங்கள் மாடிக்கு மேலே இருந்த மாலிக்கார அக்கா ஒருத்திதான்.

அவளும் துப்புரவு வேலைதான். விடிகாலை பஸ் நிறுத்தத்தில் நாங்கள் நாலைந்து பெண்கள் நிற்போம். எதிர்ச் சுவரில் குல்லாய் போட்ட பையன்கள் உட்கார்ந்து ஹஷீஷ் போதைப்பொருள் விற்பார்கள், அது ஊருக்கே தெரியும். நான் குனிந்த தலை நிமிராமல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பேன். அவள் நேரே அவர்களிடம் போய் ஒருத்தனைப் பார்த்து, "உங்கம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சுதா?" என்று கேட்டாள். அவன் குல்லாயை எடுத்துவிட்டான். வாயிலிருந்த சிகரெட்டைப் பின்னால் மறைத்தான். நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்ற ஸ்கூட்டரைத் தள்ளி ஓரமாக வைத்தான். அவன் திருந்தவில்லை, மறுநாளும் விற்றான். ஆனால் அந்த நிறுத்தத்தில் நின்ற பெண்கள் யாரிடமும் ஒருவரும் கை வைத்ததில்லை. வெளியிலிருந்து வந்த ஒருத்தன் ஒருமுறை என் பையைப் பிடித்து இழுத்தபோது சுவரிலிருந்து குதித்து வந்து விரட்டியதும் அந்தப் பையன்தான்.

அவள் கற்றுக்கொடுத்தது இதுதான்: முகத்தைப் பார்க்காதே, இடத்தையும் நேரத்தையும் பார். ரயில் நிலையத்தின் எந்த வாசலில் ராத்திரி பத்துக்கு மேல் கடை திறந்திருக்கும், எந்த வாசலில் விளக்கு எரியாது. தரைக்கு அடியில் இருக்கிற கார் நிறுத்தம் வழியாகப் போகாதே, சுற்றினாலும் தெருவழியே போ. மெட்ரோவில் கதவுக்குப் பக்கத்தில் நின்று ஃபோன் பார்க்காதே, கதவு மூடுகிற மணி அடிக்கும்போதுதான் பிடுங்கிக்கொண்டு இறங்குவான். கட்டடக் கதவுக்கு எண் அழுத்தும்போது பின்னாலேயே ஒட்டி வருகிறவனை நிமிர்ந்து பார்த்து, "எந்த வீட்டுக்கு?" என்று கேள். வந்தவன் நல்லவன் என்றால் பதில் சொல்வான், கோபித்துக்கொள்ள மாட்டான்.

தங்கம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். இந்தியர், இலங்கைத் தமிழர் வீட்டில் நகை இருக்கும், சீனர் பையில் ரொக்கம் இருக்கும் என்பது அங்கே திருடர்களுக்கு மனப்பாடம். 2016 ஆகஸ்டில் ஒபெர்வில்லியேவில் சீனத் தையல்காரர் ஒருவரை வழிப்பறிக்காரர்கள் அடித்துப்போட்டு, அவர் சில நாளில் இறந்துபோனார். சீனர்கள் ஆயிரக்கணக்கில் பாரிஸ் தெருவில் இறங்கினார்கள். எங்கள் ஆட்களின் கல்யாண வீடு ஒன்றிலிருந்து திரும்பும்போது என் சங்கிலி போனது கார்ஜ்-சார்செல் ரயில் நிலையப் படிக்கட்டில். பின்னாலிருந்து ஒரு இழுப்பு. கழுத்தில் கோடு விழுந்தது. இழுத்தவன் வெள்ளையா கருப்பா என்று எல்லாரும் கேட்டார்கள். நான் பார்த்தது ஒரு ஜோடி ஷூவை மட்டும்.

அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். நான் போன போலீஸ் நிலையத்தில் 'மேன் கூராந்த்' என்று ஒன்றை எழுதி அனுப்பப் பார்த்தார்கள். அது நடந்ததைக் குறித்து வைக்கிற வெறும் பதிவு, அதை வைத்து விசாரணை வராது, இன்சூரன்சும் மதிக்காது. 'ப்ளேந்த்' என்று கேட்டு வாங்க வேண்டும், அதுதான் முறையான புகார். புகாரைப் போலீஸ் வாங்கித்தான் ஆகவேண்டும் என்று அந்த ஊர்ச் சட்டத்தில் இருக்கிறது. என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது, அரைகுறை பிரெஞ்சு இருந்தது, வற்புறுத்த முடிந்தது. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணிடமிருந்து சம்பளக் கவரை அதே மாதம் யாரோ பறித்தார்கள். அவள் போலீஸ் பக்கமே போகவில்லை. அவளிடம் அந்த நாட்டில் தங்குவதற்கான காகிதம் இல்லை. போனால் திருடனைத் தேடுவார்களோ இல்லையோ, அவளைப் பிடித்து விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று பயம்.

திருடனுக்கு அது தெரியும். புகார் கொடுக்க முடியாதவர்களைத்தான் முதலில் தொடுவான். அவர்களிடம் கை பழகிய பிறகு அடுத்த தெருவுக்கு வருவான். ஒரு வட்டாரம் கெடுவது இந்த வழியில்தான் என்பது நான் அங்கே இருந்து கண்டது. குடியேறியவர்கள் பெருகியதால் திருட்டு பெருகியது என்று சொல்கிறவர்களும், எல்லாம் டிவி கிளப்பிவிட்ட பீதி என்று சொல்கிறவர்களும் இந்த ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இப்போது சாரத்துக்கு வருகிறேன்.

ஊர் மாறித்தான் இருக்கிறது. ஹவுராவிலிருந்தும் புவனேஸ்வரிலிருந்தும் புதுச்சேரி வரைக்கும் நேரடி ரயில் வருகிறது. மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில், ஓட்டல் சமையல்கட்டுகளில், கட்டட வேலையில் ஒடிசா, பீகார், வங்காளம், அசாம் பிள்ளைகள். நான் திரும்பி வந்ததும் மாடிப் போர்ஷனை ஒடிசாப் பையன்கள் சிலருக்கு வாடகைக்கு விட்டேன். பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. தெருவில் ஒரே பேச்சு. எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் என்னைக் கேட் அருகே நிறுத்தி, "என்னம்மா, வடக்கத்திப் பசங்களை உள்ள விட்டுட்ட? வயசுப் பொண்ணுங்க இருக்கற தெரு" என்றார். "உங்களுக்கு வெளிநாட்டுல இருந்து பழக்கம், நாங்க அப்படியா" என்று வேறு. அவர் கெட்டவர் இல்லை. பேத்தி டியூஷன் முடித்து வரும்வரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்.

கொஞ்ச நாளில் தெருக்கோடி வீட்டில் தண்ணி மோட்டார் திருட்டுப் போனது. எல்லார் கண்ணும் என் மாடிப்படிக்கட்டுக்கு ஏறியது. போலீஸ் வந்து பையன்களை வண்டியில் ஏற்றிப் போனது. நானும் என் தம்பியும் வாடகை ஒப்பந்தம், ஆதார் நகல், அவர்கள் கம்பெனி சூப்பர்வைசரிடம் வாட்ஸ்அப்பில் வாங்கிய ஷிஃப்ட் வருகைப் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனோம். மோட்டார் போன ராத்திரி அவர்கள் வேலையில் இருந்திருக்கிறார்கள். பட்டியலைப் பார்த்ததும் விட்டுவிட்டார்கள். மோட்டாரை எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அந்தக் காகிதங்கள் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பையன்கள் தலையில் கேஸ் விழுந்திருக்கும், எடுத்தவன் நிம்மதியாக அடுத்த மோட்டாரைப் பார்த்திருப்பான்.

அதே பையன்களில் சின்னவனிடம் ஒருநாள் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து நடந்து வரும்போது கொக்கு பார்க் பக்கம் பைக்கில் வந்த இரண்டு பேர் ஃபோனைப் பறித்துக்கொண்டு போனார்கள். அவன் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, வீட்டுக்கு ஃபோன் பேச என் ஃபோனைக் கேட்டபோதுதான் எனக்கே தெரியும். "போலீஸ் மாரேகா, அம்மா" என்றான், போலீஸ் அடிக்கும் என்று. சார்செல்லில் சம்பளக் கவர் போன பெண்ணின் முகம்தான் அப்போது நினைவுக்கு வந்தது. இவன் இந்தியன், ஆதார் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. இருந்தும் அதே பயம்.

அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். "இது எங்க எல்லை இல்ல" என்றார்கள். இதை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும், அதிலும் நம்மூர்க்காரர்கள். முத்தியால்பேட்டையிலிருந்து பொடிநடையாக நடந்தால் கோட்டக்குப்பம், அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. தெற்கே கன்னியக்கோவில், முள்ளோடை தாண்டினால் கடலூர் மாவட்டம். பாகூர்ப் பக்கம் வயலுக்கு வயல் மாநிலம் மாறும். பைக்கில் வருகிறவன் இங்கே பறித்து அங்கே போய்விடுவான். எல்லை பார்த்துக்கொண்டு நாம் அலைய வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிஎன்எஸ்எஸ், அதன் 173-ஆம் பிரிவுப்படி எங்கே நடந்த குற்றத்துக்கும் எந்த நிலையத்திலும் எஃப்ஐஆர் போடலாம். ஜீரோ எஃப்ஐஆர் என்பார்கள். அவர்களே உரிய நிலையத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். ஆன்லைனில் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பறிப்பு என்பது அதே நாளில் நடப்புக்கு வந்த பிஎன்எஸ் என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், 304-ஆம் பிரிவில், தனிக் குற்றமாகவே வந்துவிட்டது, மூன்று வருஷம் வரை சிறை. "ஃபோன் தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுங்க" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தொலைந்தது வேறு, பறித்தது வேறு. கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. நான் இந்தப் பிரிவு எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். சண்டை போடவில்லை, சீட்டை மேசையில் வைத்தேன். எழுதிக்கொண்டார்கள்.

பிறகு செய்ய வேண்டியவை வரிசையாக இருக்கின்றன. முதலில் வங்கிக்குச் சொல்லி ஜிபே, ஃபோன்பே எல்லாம் நிறுத்த வேண்டும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிட வேண்டும். அப்புறம் சிம்மை முடக்கி அதே எண்ணில் புது சிம். புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் சிஇஐஆர் என்ற பகுதிக்குப் போய், ஃபோனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ-யைக் கொடுத்தால் அந்த ஃபோன் நாட்டில் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. ஐஎம்இஐ தெரியாது என்பதுதான் எல்லாருக்கும் சிக்கல். இப்போதே *#06# அழுத்திப் பார்த்து வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள். ஃபோனிலேயே சேமித்து வைத்துப் பயனில்லை. நகைக்கும் இதே வழி, போட்டோவும் எடை போட்ட ரசீதும் தனியாக இருக்கட்டும். சின்னவன் ஃபோன் திரும்பக் கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம்மவர்கள் பயம் எங்கே போய் முட்டுகிறது என்பதற்கு நடந்ததையே பார்க்கலாம். 2018 மே மாதத்தில் 'வடமாநிலப் பிள்ளை பிடிக்கிற கும்பல்' என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கோயிலுக்குக் காரில் போன சென்னைக் குடும்பத்தை ஊரே சேர்ந்து அடித்தது. அந்தக் குடும்பத்தின் வயதான அம்மா இறந்துபோனார். அவர் தமிழ்ப் பெண்மணி. வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. 2023 மார்ச்சில் இதற்குத் தலைகீழாக, தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ரயிலேறினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்துவிட்டுப் போனது. அந்த வாரம் இங்கே பாதி ஓட்டல்களில் பரோட்டா போட ஆளில்லை என்று புலம்பினவர்களும் 'வடக்கனுங்க வந்து ஊரைக் கெடுக்கறானுங்க' என்றவர்களும் ஒரே ஆட்கள்தான்.

2024 மார்ச்சில் முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுச் சிறுமிக்கு நேர்ந்தது புதுச்சேரியில் யாருக்கும் மறக்காது. காணாமல் போன பிள்ளை சில நாள் கழித்துக் கால்வாயில் பிணமாகக் கிடைத்தாள். ஊரே தெருவில் இறங்கியது. கைதானவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை, அந்தப் பிள்ளை வளர்ந்த வட்டாரத்திலேயே இருந்தவர்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது மாறிவிட்டது. 'தெரியாதவங்க கூப்பிட்டா போகாதே' என்பது போதாது. தெரிந்த மாமா, தெரிந்த அண்ணன் கூப்பிட்டாலும் வீட்டில் கேட்காமல் போகக் கூடாது, யாராவது 'அம்மாகிட்ட சொல்லாத' என்றால் அதை முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி தெரிந்திருக்க வேண்டும். வாத்தியார் தன் பேத்திக்கு இதை எழுதியே ஒட்டிவிட்டார்.

புதுச்சேரியில் உண்மையிலேயே ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய நேரம் எது என்று கேட்டால் நான் சனிக்கிழமை ராத்திரியைச் சொல்வேன். மலிவுச் சாராயத்துக்கு வருகிற கார்கள், வாடகை ஸ்கூட்டரில் மூன்று பேர், பார் மூடுகிற நேரத்தில் தெருமுனைச் சண்டை. இவர்களை யாரும் 'வந்தேறி' என்று சொல்வதில்லை, சுற்றுலாப் பயணி என்கிறோம். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஏழரை வரை வண்டிகளை விடுவதில்லை, குடும்பமாக நடக்கிறார்கள், ராத்திரி பத்து மணிக்கும் பயமில்லை. அதே நேரத்தில் நாலு தெரு உள்ளே வந்தால் ஆள் இருக்காது. ஆள் நடமாட்டம்தான் காவல். பழைய தமிழர் தெருக்களில் திண்ணை இருந்தது, தாழ்வாரத்தில் ஒரு பாட்டி இருந்தாள். இப்போது ஆறடி காம்பவுண்டு சுவரும் கேமராவும். மோட்டார் திருட்டன்று தெருக்கோடி வீட்டுக் கேமராவில் பதிவானது மாமரக் கிளை.

இதைவிடப் பெரிய கொள்ளை எந்தத் தெருவிலும் நடப்பதில்லை, ஃபோனில் நடக்கிறது. எங்கள் தெருவில் ஒரு அண்ணிக்கு 'மும்பை போலீஸ்' பேசியது. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், 'டிஜிட்டல் அரெஸ்ட்' பண்ணியிருக்கிறோம், கேமராவை அணைக்காதே, யாரிடமும் பேசாதே என்று. டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் சொன்னார். அண்ணி தப்பித்தது சட்டம் தெரிந்ததால் இல்லை. கேஸ் சிலிண்டர் போட வந்த பையன் வாசலில் கத்திக்கொண்டே இருந்தான், எழுந்து போகவேண்டி வந்தது.

வாடகைக்கு விடுகிறவர்களுக்கு நான் சொல்வது பெரும்பாலும் காகித விஷயம். ஆள் எந்த மாநிலம் என்று கேட்பதைவிட, எத்தனை பேர் தங்குவார்கள், பெயர் பெயராக யார் என்று கேளுங்கள். ஒவ்வொருத்தருக்கும் ஆதார் நகல், போட்டோ, சொந்த ஊரில் ஒரு ஃபோன் எண், இங்கே வேலை கொடுப்பவர் எண். அந்தப் பட்டியலை உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக நகலில் ஒரு முத்திரை. மேஸ்திரி ஒருத்தர் மட்டும் வந்து, "பத்துப் பேர் இருப்பாங்க, மாறி மாறி வருவாங்க, வாடகை நான் தர்றேன்" என்றால் கொடுக்காதீர்கள். அப்படி ஒருவர் எனக்கே ஒன்றரை மடங்கு வாடகை தருவதாகச் சொன்னார். வெளிமாநிலத் தொழிலாளரை அழைத்து வருகிற ஒப்பந்ததாரர் உரிமம் வாங்க வேண்டும், ஆளுக்கு ஒரு போட்டோ ஒட்டின பாஸ்புக் கொடுக்க வேண்டும் என்று 1979-ல் போட்ட சட்டம் 2025 நவம்பர் வரை இருந்தது. நான் விசாரித்த பையன்களில் ஒருத்தன்கூட அப்படி ஒரு பாஸ்புக்கைக் கண்ணால் பார்த்ததில்லை. பெயர் எழுதாத பத்துப் பேர்தான் தெருவுக்கு ஆபத்து, அவர்களுக்கும் ஆபத்து. வெளிநாட்டுக்காரர்களை ஹோம்ஸ்டேயில் தங்க வைக்கிறவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசுக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி தெரியும். வெள்ளைக்காரர் என்றால் இதில் நாம் அலட்சியமாக இருப்போம், அதுவும் தவறு.

எல்லாரையும் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. ஒடிசாப் பையன்களுக்கு முன்னால் சில மாதம் இருந்த ஒருத்தர், நம்மூர்க்காரர்தான், குடித்துவிட்டு மனைவியை அடிப்பார். அவசர உதவிக்கு 112-ஐக் கூப்பிட்டேன், பெண்கள் உதவி எண் 181-ஐ அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன், அடுத்த மாதம் காலி செய்யச் சொன்னேன். ஒடிசாப் பையன்களிலும் ஒருத்தன் ராத்திரி இரண்டு மணிக்கு மொட்டைமாடியில் சத்தமாகப் பாட்டு வைப்பான். அவனையும் திட்டியிருக்கிறேன். திட்டுவதற்கு முதலில் பெயர் தெரிய வேண்டும் இல்லையா.

தெருவில் என்ன மாறியது என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. தீபாவளிக்கு அதிரசம் கொடுத்தேன், அவர்கள் ரயிலில் வரும்போது சேனா போடா என்ற ஒடிசா இனிப்பு கொண்டுவந்தார்கள், வாத்தியார் வீட்டுக்கும் ஒரு பங்கு போனது. அவர் இப்போதும் 'வடக்கத்திப் பசங்க' என்றுதான் சொல்கிறார். ஆனால் மழையில் அவர் வீட்டு மரம் சாய்ந்தபோது வெட்டி இழுத்துப் போட இவர்களைத்தான் கூப்பிட்டார். சாயங்கால நாற்காலி அவருக்குப் பழக்கமாகிவிட்டது. தெருவுக்கு அதைவிட நல்ல காவல் இல்லை என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொள்வார்.

என் அண்ணன் பிள்ளை இந்த வருஷம் படிக்கப் பாரிஸ் போகிறான். அவன் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை, யூடியூபில் கலவர வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவனுக்கு நான் சொன்னது கொஞ்சம்தான். கார் துய் நோர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் பெட்டியைத் தூக்க வருகிறவனிடம் கொடுக்காதே. காலடியில் மோதிரம் கிடந்தது என்று யாராவது காட்டினால் நிற்காதே. கையெழுத்துப் போடச் சொல்லி அட்டையை நீட்டினால் கையைப் பையிலேயே வைத்துக்கொள். பாஸ்போர்ட் அறையில் இருக்கட்டும், நகல் கையில் இருக்கட்டும். போலீஸுக்கு 17, எதற்கும் 112. லா ஷப்பேல் கடைத்தெருவில் தமிழில் பேசிக்கொண்டே வந்து கடன் கேட்பவனையும் நம்பாதே. மாடியில் யார் இருக்கிறார்கள் என்று முதல் வாரமே போய் பொன்ழூர் என்று வணக்கம் சொல்லிவிட்டு வா.

ஒடிசாப் பையன்கள் திருப்பூரில் கூடுதல் சம்பளம் என்று போன மாதம் காலி செய்துவிட்டார்கள். மாடிக்கு இப்போது இரண்டு கோரிக்கை இருக்கிறது. ஒன்று கடலூர் சிப்காட்டுக்கு மாற்றலாகி வரும் ஒரு குடும்பம், இன்னொன்று அசாமிலிருந்து வந்த நர்சிங் படிக்கிற பெண்கள் மூன்று பேர். இரண்டு தரப்பிடமும் ஆதார் நகலும் வேலை இடத்து, கல்லூரி எண்ணும் கேட்டிருக்கிறேன். யார் முதலில் கொண்டுவருகிறார்களோ அவர்களிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொள்வதாக இருக்கிறேன். அதற்குள் மாடிப்படி பல்பை மாற்ற வேண்டும்.